நரகத்துக்கு உருவம் கொடுத்த ஓவியர்

நரகம் எப்படி இருக்கும்? போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் யாரும் கிடையாது. ஆனாலும் ஐரோப்பாவில் நாலு புத்தகம் படித்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கரிய பாறைகள், நடுவே ஒரு படகு, துடுப்பை ஓங்கி நிற்கும் தாடிக்காரக் கிழவன், உறைந்த ஏரியில் கழுத்து வரை புதைந்து கிடக்கும் தலைகள் என்று கண்ணால் கண்டவர் போலச் சொல்லுவார்.

இந்தக் காட்சிகளைக் கவிதையில் எழுதியவர் இத்தாலிய மகாகவி தாந்தே. அவர் 1321-ம் ஆண்டு காலமானார். அவருக்குப் பின் 500 ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அவற்றை மரக்கட்டையில் செதுக்கவைத்து, அச்சடித்து, உலகத்தின் கண்ணில் நிறுத்தினார். அவர்தான் குஸ்தாவ் டோரே.

டோரே கை வைக்காத பெரிய இலக்கியம் குறைவு. பத்தாயிரத்துக்கும் அதிகமான படங்கள் அவர் பெயரில் உள்ளன. பணம் கொட்டியது. ராஜ குடும்பங்கள் விருந்துக்கு அழைத்தன. இருந்தும் ஒரு குறை அவரைச் சாகும்வரை அரித்தது. தன்னை ஓர் ஓவியன் என்று பாரிஸ் நகரம் ஒப்புக்கொள்ளவில்லையே என்பதுதான் அந்தக் குறை.

கடை ஜன்னல்

1832-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, பிரான்சின் கிழக்கு எல்லையில் உள்ள ஸ்டிராஸ்பர்க் நகரில் டோரே பிறந்தார். தகப்பனார் அரசாங்க என்ஜினீயர். பாலங்கள், சாலைகள் போடும் இலாகாவில் உத்தியோகம். மூன்று பையன்களில் டோரே நடுப்பிள்ளை.

தகப்பனாருக்கு மாற்றலாகி, குடும்பம் பூர்க் என்ற சிறிய ஊருக்குப் போனது. பள்ளி நோட்டுப் புத்தகங்களில் பாடத்தைவிடப் படமே அதிகம். வாத்தியார்களும், ஊர்ப் பெரியவர்களும் அதில் அகப்பட்டுக் கொள்வார்கள். 13 வயதிலேயே அவருடைய படங்கள் அந்த ஊரில் அச்சாகி விட்டன.

ஓவியப் பள்ளிக்கூடத்தில் அவர் முறையாகப் படித்ததே இல்லை. மகன் தன்னைப் போல என்ஜினீயர் ஆக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. தாயார் மட்டும் பையன் பக்கம்.

1847-ம் ஆண்டு ஒரு வேலையாகப் பெற்றோர் பாரிஸ் சென்றபோது, 15 வயது டோரேயும் உடன் போனார். அங்கே ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலில் கேலிச்சித்திரங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பையன் அதன் முன்னால் நின்றுவிட்டான். மறுநாள் காலை உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி ஓட்டல் அறையில் தங்கினான். பெற்றோர் தலை மறைந்ததும் அவசர அவசரமாகச் சில படங்களை வரைந்து எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு ஓடினான்.

கடையை நடத்தியவர்களில் ஒருவர் பிலிப்பான். லேசான ஆசாமி அல்ல. மன்னர் லூயி பிலிப்பின் முகத்தைப் பேரிக்காய் ஆக்கி நாடே சிரிக்கும்படி செய்தவர். கேலிச்சித்திரத்துக்காகச் சிறையும் சென்றவர். பையன் நீட்டிய காகிதங்களைப் புரட்டிப் பார்த்த அவர், அவனை வெளியே விடவில்லை. பெற்றோரை வரவழைத்துப் பேசினார்.

பையன் பாரிசில் பள்ளிக்கூடத்திலும் படிக்கலாம், வாரம் ஒரு படமும் தரலாம் என்று முடிவாகி, 1848-ல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மைனர் பையன் என்பதால் தகப்பனார் கையெழுத்துப் போட்டார். மகன் பெரிய ஆள் ஆவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1849-ல் அவர் இறந்தார். தாயார் பிள்ளைகளோடு பாரிசுக்கே வந்து, செயின்ட் தொமினிக் தெருவில் தமக்குப் பாத்தியப்பட்ட வீட்டில் குடியேறினார். பதினேழு வயதில் குடும்ப பாரம் டோரே தலையில் விழுந்தது. அந்த வீட்டைவிட்டு, அந்தத் தாயைவிட்டு டோரே கடைசிவரை பிரியவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

நூறு பிராங்க் புத்தகம்

கேலிப்படங்களில் சம்பாத்தியம் இருந்தது. பெயரும் வந்தது. 1854-ல் ரபலே எழுதிய பழைய நையாண்டிக் கதைகளுக்கும், 1855-ல் பால்சாக்கின் கதைகளுக்கும் அவர் போட்ட படங்கள் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தன. ஆனால் அவை மலிவுப் புத்தகங்கள், மட்டமான காகிதம்.

டோரேயின் மனதில் வேறொரு திட்டம் உருவாயிற்று. உலகத்தின் மகா இலக்கியங்களை எல்லாம் ஒரே அளவில், மேஜையை அடைக்கும் பெரிய புத்தகங்களாகப் படம் போட்டு வெளியிட வேண்டும். தாந்தே, செர்வாண்டிஸ், மில்டன், ஹோமர், அரியோஸ்டோ, ஷேக்ஸ்பியர் என்று ஒரு நீண்ட பட்டியலே எழுதி வைத்தார். அப்போது வயது 23.

முதலில் எடுத்தது தாந்தேயின் நரக காண்டம். படங்களோடு பாரிசின் பெரிய பதிப்பாளரான அஷெட்டிடம் போனார். விலை 100 பிராங்க் வைக்க வேண்டும் என்றதும் அஷெட் தலையை அசைத்துவிட்டார். அன்றைய பாரிசில் ஒரு தொழிலாளி ஏறக்குறைய ஒரு மாதம் உழைத்தால்தான் அந்தத் தொகை கிடைக்கும். படப் புத்தகத்துக்கு இவ்வளவு பணம் யார் கொடுப்பார்கள் என்பது வியாபாரியின் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்வதற்கில்லை. அதுவரை அப்படி யாரும் கொடுத்ததில்லை.

டோரே பின்வாங்கவில்லை. செதுக்குக் கூலியைத் தானே ஏற்றார். கேலிப்படங்களிலும் கதைப்படங்களிலும் சேர்த்த காசு அதில் போயிற்று. நஷ்டம் வந்தால் தன் தலையோடு போகட்டும் என்று சொல்லி, அஷெட்டின் பெயரை மட்டும் வாங்கிப் போட்டு 1861-ல் புத்தகத்தை வெளியிட்டார்.

சில நாட்களில் பிரதிகள் பறந்துவிட்டன. அஷெட்டிடமிருந்து தந்தி வந்தது. வெற்றி, உடனே புறப்பட்டு வரவும், நான் ஒரு கழுதை என்பது அதன் சாரம். தன் தப்பை ஒப்புக்கொண்டு, அதையும் காசு கொடுத்துத் தந்தியில் அனுப்பிய முதலாளிகள் எத்தனை பேர் இருப்பார்கள்!

அதே ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் டோரேக்கு லீஜியன் ஆப் ஹானர் விருது கொடுத்தது.

வலது மூலையில் ஒரு பெயர்

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள். அவற்றில் டோரேயின் கை போட்ட கோடு ஒன்றுகூட இல்லை!

போட்டோவை அப்படியே அச்சில் எடுக்கும் வழி அன்று நடைமுறைக்கு வரவில்லை. அச்செழுத்துக்களோடு சேர்த்து ஒரே மெஷினில் படமும் ஓட வேண்டுமானால் மரத்தில் பிளாக் செய்ய வேண்டும். அதற்குப் பாக்ஸ்வுட் மரம்தான் சரி. மிகவும் மெதுவாக வளரும். இழை நெருக்கமாக, கெட்டியாக இருக்கும். அதை நீளவாட்டில் பலகையாக அறுக்க மாட்டார்கள். வாழைத்தண்டை வில்லை போடுவது போலக் குறுக்கே அறுப்பார்கள். அந்த முகத்தில் உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் நார் கிளம்பாது. மயிரிழை போன்ற கோடும் நிற்கும். மரம் பருத்து வளராது என்பதால், பெரிய படத்துக்குப் பல வில்லைகளைச் சதுரமாக்கி ஒன்றோடொன்று சேர்த்துக் கெட்டியாக இணைப்பார்கள். மேலே வெள்ளை பூசுவார்கள். அதன் மீது ஓவியர் வரைந்து கொடுப்பார்.

ஓவியர் பேனாவால் கோடு கோடாக வரைந்து கொடுத்தால் செதுக்குபவருக்குத் தொல்லை இல்லை. கோட்டை விட்டுவிட்டுச் சுற்றி உள்ள மரத்தைத் தோண்டி எடுத்தால் போதும். மேடான இடத்தில் மை ஒட்டும். பள்ளம் வெள்ளையாக விழும். டோரே அப்படிக் கொடுக்கவில்லை. தூரிகையால் கறுப்பைக் கரைத்து, கனமாகவும் மெலிதாகவும் பூசிவிடுவார். வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் வெள்ளைச் சாயம் தொடுவார். மேகமும், புகையும், இருட்டும் இருக்கும். கோடு இருக்காது!

அந்த நிழலை எல்லாம் கோடாக மாற்றுவது செதுக்குபவர் பொறுப்பு. கோடு நெருங்கினால் எவ்வளவு கறுக்கும், விலகினால் எவ்வளவு வெளுக்கும் என்பது அவருடைய கைக்குத்தான் தெரியும். கண்ணில் பூதக்கண்ணாடி, மணல் மூட்டையின் மேல் பிளாக், கையில் சிற்றுளி. பெரிய படம் ஒன்று பல நாள் வேலை. வேலை முடியும்போது டோரே வரைந்த படம் சீவலாகத் தரையில் கிடக்கும். மிஞ்சுவது செதுக்குபவரின் படம்.

பிசான், பானிமேக்கர், ஜொன்னார், குஸ்மான் முதலியோர் இந்த வித்தையில் மன்னர்கள். டோரே இவர்களைத் தேடிப் பிடித்து, தன் போக்குக்குப் பழக்கினார். பெருமையை மறைக்கவும் இல்லை. படத்தின் இடது மூலையில் டோரே என்று இருக்கும். வலது மூலையில் செதுக்கியவர் பெயர் இருக்கும். இன்று அந்தப் படங்களை ரசிப்பவர்களில் வலது மூலையைப் பார்ப்பவர்கள் குறைவு.

மரத்தில் நேரே அச்சடித்தால் பிளாக் தேய்ந்துவிடும் என்பதால், மின்சாரத்தால் செம்பு படிய வைத்து நகல் தகடு எடுப்பார்கள். அந்தத் தகடுகள் வெளிநாடுகளுக்கும் விலையாகின. லண்டனில் காசல் கம்பெனி அவற்றை வாங்கி, ஆங்கில எழுத்தோடு சேர்த்து அச்சிட்டது. ஒரே படம் பல மொழிகளில் பேசத் தொடங்கியது. டோரேயின் புகழ் கடல் தாண்டியதற்கு அந்தச் செம்புத் தகடும் ஒரு காரணம்.

காற்றாலையும் வெள்ளமும்

தாந்தேக்குப் பிறகு டோரே ஓயவில்லை. பெரோவின் குழந்தைக் கதைகள், பொய்யையே மூச்சாகக் கொண்ட மஞ்சாசன் பிரபுவின் கதை என்று வரிசையாக வந்தன. 1863-ல் டான் க்விக்ஸாட். இதற்காக ஸ்பெயின் நாட்டுக்குப் போய், வறண்ட மேடுகளையும், சத்திரங்களையும், கழுதைக்காரர்களையும் பார்த்து வந்தார். 370-க்கு மேற்பட்ட படங்கள். அத்தனையும் பிசான் செதுக்கியவை. முதல் படத்தில் கிழட்டு வீரர் நாற்காலியில் அமர்ந்து கையில் கத்தியோடு உரக்கப் படிக்கிறார். அவரைச் சுற்றி அறை முழுவதும் அரக்கர்களும், குதிரை வீரர்களும், இளவரசிகளும் மொய்க்கிறார்கள். படிப்பவரின் மண்டைக்குள் நடப்பதை அந்த ஒரே படம் காட்டிவிடுகிறது. ஒல்லி எஜமானரும் குண்டு வேலைக்காரரும் இன்றும் எந்த நாட்டு மேடையில் வந்தாலும், பெரும்பாலும் டோரே கொடுத்த உருவத்தில்தான் வருகிறார்கள்.

1866-ம் ஆண்டுத் தேதியிட்டு பைபிள் வந்தது. சுமார் 230 பெரிய படங்கள். அதில் பிரளயக் காட்சி ஒன்று. உலகமே தண்ணீர். ஒரே ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் உச்சியில் வாயில் குட்டியைக் கவ்வியபடி ஒரு புலி. கீழே தண்ணீரில் மூழ்கிக்கொண்டே தாயும் தகப்பனும் தம் குழந்தைகளை அந்தப் பாறைமேல் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். புலி அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அதற்கும் பிள்ளைதான் கவலை. மூல நூலில் இந்தப் புலி கிடையாது. டோரே சேர்த்தது. கதையைப் படமாக்குகிறவர், கதாசிரியர் சொல்லாமல் விட்ட இடத்தில் நுழைந்துகொள்ள வேண்டும் என்பதை அறிந்தவர் அவர்.

மில்டனின் சொர்க்க நஷ்டமும் அதே ஆண்டுதான். தேவலோகத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தான், இறக்கை ஒடுங்கித் தலைகீழாகப் பாயும் படத்தைப் பார்ப்பவருக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வருகிறது. சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். மில்டனைப் படித்தவர்களுக்கும் அதே பரிதாபம் வந்ததுண்டு!

லண்டன் அள்ளியது, பாரிஸ் தள்ளியது

இவ்வளவு வெற்றிக்கு நடுவே டோரே பெரிய பெரிய துணிகளில் எண்ணெய் வர்ண ஓவியங்கள் தீட்டிக்கொண்டே இருந்தார். 1861-ல் நரகத்தின் ஒன்பதாவது வட்டத்தை 4½ மீட்டர் அகலத்தில் தீட்டிக் கண்காட்சியில் வைத்தார். பாரிஸ் விமர்சகர்கள் பார்த்தார்கள். புத்தகப் படத்தைப் பெரிதாக்கி வர்ணம் அடித்திருக்கிறார் என்று முடித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கறுப்பு வெள்ளையில் பேயாட்டம் ஆடிய கை, வர்ணத்தில் தடுமாறியது. டோரேக்கு அது புரியவில்லை. இன்னும் பெரிதாகத் தீட்டினால் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தார்.

லண்டன் நகரம் வேறு மாதிரி. 1860-களின் கடைசியில் அங்கே நியூ பாண்ட் தெருவில் டோரே காலரி என்றே ஒரு கூடம் திறந்து, கட்டணம் வாங்கி அவருடைய ஓவியங்களைக் காட்டினார்கள். 1892 வரை அது நடந்தது. 25 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்குச் சொல்வார்கள். ஏசுநாதர் தீர்ப்பு மண்டபத்தை விட்டு இறங்கும் ஓவியம் சுமார் 9 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம்! பாரிஸ் கொடுக்காததை லண்டன் அள்ளிக் கொடுத்தது. ஆனால் டோரே ஏங்கியதோ பாரிசின் வார்த்தைக்குத்தான்.

லண்டனிலேயே அவருக்கு இன்னொரு பெரிய ஒப்பந்தமும் கிடைத்தது. நண்பர் ஜெரால்டு எழுத, லண்டன் நகரத்தைப் பற்றி 180 படங்களோடு ஒரு புத்தகம் 1872-ல் வந்தது. இலக்கியக் காட்சி அல்ல, நிஜ நகரம். ஆனால் தாந்தேயின் நரகத்தைச் சுற்றி வந்தவருக்கு அங்கேயும் அதே இருட்டுத்தான் கண்ணில் பட்டது. ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே வரிசை வரிசையாக ஒண்டுக் குடித்தன வீடுகள், ஒவ்வொரு கொல்லையிலும் கொடியில் துணி, மேலே புகை கக்கிச் செல்லும் ரயில். பாதாள ஸ்டேஷனில் விடியற்காலை வேலைக்காரர் ரயிலுக்கு முண்டும் கூட்டம். ஏழ்மையையே காட்டிவிட்டார் என்று லண்டன் பெரிய மனிதர்களில் சிலருக்குக் கோபம். அந்தப் புத்தகத்தில் சிறைக் கைதிகள் உயர்ந்த சுவர்களுக்கு நடுவே வட்டமாக நடக்கும் படத்தை, மனநோய் விடுதியில் இருந்த ஓவியர் வான்கோ 1890-ல் வர்ணத்தில் தீட்டினார். அது இன்று மாஸ்கோவில் இருக்கிறது.

கடைசி நாட்கள்

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸ் முற்றுகையின்போது டோரே ஊரை விட்டுப் போகவில்லை. தேசிய காவல் படையில் சேர்ந்தார். போர் முடிந்தபோது அவர் பிறந்த ஸ்டிராஸ்பர்க் ஜெர்மனிக்குப் போய்விட்டது. அவர் உயிரோடு இருந்தவரை அது திரும்பவில்லை.

அதன்பின் இங்கிலாந்துக் கவி கோலரிட்ஜின் பழைய மாலுமி காவியத்தை எடுத்தார். பனிமலைகளுக்கு நடுவே தனிக் கப்பல், செத்த மாலுமிகள், உயிரோடு ஒருவன். தன் படங்களில் இதுவே சிறந்தது என்று நம்பி, மறுபடியும் சொந்தப் பணத்தைப் போட்டார். இந்தத் தடவை தந்தி வரவில்லை. லண்டனில் புத்தகம் மெதுவாகத்தான் நகர்ந்தது. போட்ட பணத்துக்குத் திண்டாட்டம்.

வர்ணம் கைவிட்டால் என்ன என்று சிலை செய்ய இறங்கினார். 1877-ல் முதல் சிலையைக் கண்காட்சியில் வைத்தார். நாவலாசிரியர் அலெக்ஸாண்டர் டூமாவுக்குப் பாரிசில் எழுப்பிய நினைவுச் சிலைக்குக் கூலியே வாங்காமல் உழைத்தார்.

1881-ல் தாயார் இறந்தார். நாற்பத்தொன்பது வயது மகன் அந்தப் பெரிய வீட்டில் தனியானார். அதன்பின் அவர் பழைய டோரே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். இருந்தாலும் வேலையை நிறுத்தவில்லை. அமெரிக்காவின் ஹார்ப்பர் கம்பெனி கேட்டபடி, எட்கர் ஆலன் போ எழுதிய அண்டங்காக்கைக் கவிதைக்குப் படங்கள் வரைந்தார். இறந்துபோன காதலியை நினைத்து இரவில் தனியே உட்கார்ந்திருப்பவனின் கதை அது. படங்களை முடித்துக் கொடுத்தது 1882 கடைசியில். 1883 ஜனவரி 23-ந் தேதி டோரே காலமானார். வயது 51. பாரிசின் பெர்லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் டூமா சிலை திறக்கப்பட்டது. செய்தவர் பார்க்கவில்லை. காக்கைப் புத்தகத்தை அமெரிக்கச் செதுக்குக் கலைஞர்கள் பலர் பங்கு போட்டுச் செதுக்கினார்கள். அதுவும் அவர் போன பிறகுதான் கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் போட்டோவிலிருந்தே பிளாக் எடுக்கும் முறை பரவி, சிற்றுளிக்காரர்களின் தொழிலும் படுத்துவிட்டது.

லண்டன் கூடத்து ஓவியங்கள் கப்பலேறி அமெரிக்கா போய், ஊர் ஊராகக் காட்டப்பட்டு, பிறகு நியூயார்க்கில் ஒரு கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்தன. 1947-ல் ஏலத்துக்கு வந்தன. கூடம் இருந்த கட்டிடத்தில் பின்னாளில் சோத்பி என்ற பிரபல ஏலக் கம்பெனி குடியேறியது. தீர்ப்பு மண்டப ஓவியம் இப்போது ஸ்டிராஸ்பர்க் மியூசியத்தில் தொங்குகிறது. ஒன்பதாவது வட்டம், அவர் சிறுவனாக வளர்ந்த பூர்க் ஊரில் இருக்கிறது.

சினிமா வந்தபோது டைரக்டர்கள் புரட்டியது மரக்கட்டைப் படங்களைத்தான். 1911-ல் இத்தாலியில் எடுத்த நரகம் படத்தின் காட்சிகள் டோரேயைப் பார்த்து அமைந்தவை. 1933-ல் வந்த கிங்காங் படத்தின் இருண்ட காடுகளும் அவருடைய புத்தகங்களிலிருந்து வந்தவையே.

இருபத்துமூன்று வயதில் எழுதிய பட்டியலில் ஷேக்ஸ்பியருக்கு மட்டும் பல ஆண்டுகள் தயார் செய்துகொண்டே இருந்தார். சில படங்கள் வரைந்ததோடு அது நின்றுவிட்டது.